வற்றாளைக்கிழங்கு: விலைபோகாத மூடையும் வீட்டுப் பலகாரமும்

குருநாகல், கம்பஹா ஆகிய மாவட்டங்களின் ஊர்களிலிருந்து இரவில் லொறிகள் வற்றாளைக்கிழங்கு மூடைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் செல்கின்றன. முன்னர் இவை புறக்கோட்டை மனிங் சந்தையிலேயே இறங்கின. 1918 முதல் 1925 வரை இலங்கைத் தேசாதிபதியாகவிருந்த வில்லியம் மனிங்கின் பெயரைத் தாங்கிய அச்சந்தை, 2021ஆம் ஆண்டிற் பேலியகொடையிலுள்ள புதிய கட்டடத்திற் குடியேறிவிட்டது. ஆகவே கிழங்கு இப்பொழுது பேலியகொடையில் இறங்குகின்றது. மாவும் சீனியுமோ இன்றும் புறக்கோட்டையின் மொத்தக் கடைகளிலிருந்தே பெரும்பாலும் ஏறுகின்றன. கிழங்கை விற்ற காசின் ஒரு பகுதி, கோதுமை மாவாகவும் சீனியாகவும் மாறி, சில வேளைகளில் அதே லொறியிலேயே ஊருக்குத் திரும்பிவிடுகின்றது.

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. சீனியிலும் பெரும்பகுதி கப்பலில் வருவதே. வீட்டுக் கொல்லையிற் கிழங்கு குவிந்து கிடக்க, பிள்ளைகளின் மாலைப் பலகாரத்துக்காகக் கடல் கடந்து வந்த மாவை விலைகொடுத்து வாங்குவது சிக்கனமாகுமா என்பதைக் கமக்காரர் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் தகும். கிழங்கு யாவற்றையும் விற்காது வைத்திருங்கள் என்று நாம் கூறவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மரக்கறி வாங்குவோர் நேரானதும், நடுத்தரப் பருமனுடையதும், தோல் உரியாததுமான கிழங்கையே தெரிந்தெடுக்கின்றனர். அத்தகையவற்றைச் சந்தைக்கு அனுப்புக. மண்வெட்டி பட்டதும், கோணியதும், மிகச் சிறியதுமான கிழங்கை மூடையின் அடியில் மறைத்து அனுப்பினால், மூடை முழுவதற்கும் விலை குறைக்கப்படுகின்றது. அவற்றுக்கு உரிய இடம் உங்கள் அடுக்களையே.

பஞ்சக் கிழங்கு என்ற பெயர்

இதனைச் சொல்லும்போது பலர் முகஞ் சுளிப்பர். 1942இற் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. மரவள்ளியும் வற்றாளையும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. 1970களின் முற்பகுதியிலும், பின்னர் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலும் அந்நிலையே மீண்டது. ஆதலால் நம்மவர் மனத்தில் இக்கிழங்கு, வேறொன்றும் கிடையாத நாளில் உப்பிட்டு அவித்து உண்ணும் பொருளாகவே நின்றுவிட்டது. விருந்தினர் வந்தால் அவித்த கிழங்குச் சட்டியை ஒளித்துவிட்டுக் கடைப் பிசுக்கோத்துப் பெட்டியைத் திறக்கும் வழக்கம் இதனால் வந்ததே. குற்றம் கிழங்கினுடையதன்று. வயிற்றை நிரப்ப அவசரமாக அவித்த கிழங்கையே நாம் அறிவோம். நாவுக்காகப் பொறுமையோடு சமைத்த கிழங்கை அறிந்தோர் சிலரே. யப்பானில் இதே கிழங்கைச் சூடான கற்களினிடையே நெடுநேரம் வாட்டி, குளிர்காலத் தின்பண்டமாக விரும்பி வாங்கி உண்கின்றனர். தமிழ்நாட்டார் இதனைச் சர்க்கரைவள்ளி என்பர். அப்பெயரின் பொருள் சமைக்கும் முறையிலேதான் விளங்கும்.

இனிப்பு எங்கிருந்து வருகின்றது

அகழ்ந்த அன்று அவித்த கிழங்கு பெரும்பாலும் மாப்பிடித்து, இனிப்புக் குறைந்து இருக்கும். கிழங்கின் திண்மத்திற் பெரும்பங்கு மாப்பொருளேயாகும். அம்மாப்பொருளை வெல்லமாக மாற்றும் நொதியம் ஒன்றும் கிழங்கினுள்ளேயே இருக்கின்றது. கிழங்கைச் சூடாக்கும்போது, ஏறக்குறைய 60 தொடக்கம் 75 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் மாப்பொருள் இளகுகின்றது. அவ்வேளை நொதியம் அதனை மோல்ற்றோசு எனும் வெல்லவகையாக மாற்றுகின்றது. வெப்பம் அதற்கு மேற் செல்லச் செல்ல நொதியம் அழிந்துவிடும். எனவே கொதிநீரிற் கிழங்கைப் போட்டு, பெருந்தீயில் விரைந்து அவிப்பவர், இனிப்பு உண்டாகும் வேளையைக் கடந்துபோக விடுகின்றார். குளிர்நீரிலே முழுக்கிழங்கைத் தோலுடன் இட்டு, சிறு தீயில் அரைமணி நேரமளவு மெல்ல மெல்லச் சூடேற்றி, அதன் பின்னரே கொதிக்க விடல் வேண்டும். இரவுச் சமையல் முடிந்தபின் அடுப்பின் வெண்சாம்பலிற் புதைத்து வைத்த கிழங்கு விடியற்காலையிற் பாகு கசிந்து இருப்பதைக் கண்ட பாட்டிமார், நொதியத்தின் பெயரை அறியாமலே அதன் வேலையை அறிந்திருந்தனர்.

இரண்டாவது வழி, காத்திருத்தல். காயம்படாத கிழங்கைக் கழுவாது, மண்ணை மட்டும் உதறி, நிழலான காற்றோட்டமுள்ள இடத்திற் சாக்கின்மீது பரப்புக. மேலே சற்று ஈரமான சாக்கொன்றால் ஐந்து தொடக்கம் ஏழு நாள் மூடிவைத்தால், தோலிலுள்ள சிறு கீறல்கள் தடித்து மூடிக்கொள்ளும். இதற்கு 30 பாகையளவு வெப்பமும் ஈரக்காற்றும் தேவை. தாழ்நிலப் பகுதிகளில் வெப்பத்தை நாம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பின்னர் சாக்கை நீக்கி, உலர்ந்த இடத்திற் பலகைமேல் வைத்தால், அடுத்த இரண்டொரு கிழமைகளில் இனிப்பு மிகும். மூன்று, நான்கு கிழமைகளுக்குள் உபயோகித்து முடித்தல் நன்று. குளிர்ப்பெட்டியில் வைத்தலாகாது, வைத்தால் நடுப்பகுதி எவ்வளவு அவித்தாலும் வேகாத கட்டியாகிவிடும். வெட்டுப்பட்ட கிழங்கு மட்டும் காத்திருக்காது. அதனை இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுக.

கசக்குங் கிழங்கை உண்ணலாகாது

கூன்வண்டின் புழு துளைத்த கிழங்கை, துளையை மட்டும் செதுக்கிவிட்டுச் சட்டியில் இடுவோர் உளர். இது தவறு. புழு கடித்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுக் கசப்பான பொருள்களை உண்டாக்குகின்றது. அவை துளையைச் சுற்றி நலமாகத் தோன்றும் தசையிலும் பரவக்கூடும். அவிப்பதால் அக்கசப்பு நீங்காது; பனங்கட்டியால் மறைத்தாலும் அதன் தீமை குறையாது. வெட்டிய இடத்திற் கருமையும் ஒருவகைக் காட்டமான மணமும் இருப்பின் முழுக்கிழங்கையும் விலக்குக. பூஞ்சணம் பிடித்த கிழங்கை மாட்டுக்கும் இடவேண்டாம். அதில் உண்டாகும் நஞ்சு மாடுகளின் நுரையீரலைத் தாக்கிச் சில வேளைகளில் உயிரையும் போக்கவல்லது. விலக்கிய கிழங்கை வயலோரத்தில் எறிவதும் கூடாது. அடுத்த போகத்துக்கான வண்டை நீங்களே வளர்ப்பதாகும். ஆழக் குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும். பெரும்போக நெல்லுக்குப்பின் சிறுபோகத்தில் வயலிற் கிழங்கு வைப்போருக்கு ஒரு வசதியுண்டு: மீண்டும் நெல்லுக்காக நீர் கட்டும்போது மண்ணிலுள்ள வண்டு பெரிதும் அழிந்துபோகும். மேட்டுநிலத்தார் வெடித்த மண்ணை மூடி அணைத்தும், நாலு மாதத்துக்குமேற் கிழங்கை மண்ணில் விட்டுவைக்காமலுமே தப்ப வேண்டும்.

கிழங்கு அல்வா

தோல் நீக்கிய கிழங்கு ஒரு கிலோகிராம், தேங்காய் இரண்டு, பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டி 350 கிராம், ஏலம் ஆறு, மரமுந்திரிகைப் பருப்பு ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை. இரண்டு கிழமை வைத்திருந்த கிழங்காயின் கருப்பட்டி 250 கிராம் போதும். மிச்சம் நூறு கிராம், நீங்கள் காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி.

கிழங்கை மேற்கூறியவாறு தோலுடன் மெல்ல அவித்து, சூடாக இருக்கும்போதே தோலுரித்து மசிக்க. நார் இருப்பின் அரிதட்டில் தேய்த்து எடுக்க வேண்டும்; ஆறியபின் தேய்ப்பது கைக்கு வேலை. தேங்காயைத் துருவி முதற்பால் இரண்டு கோப்பையும், இரண்டாம் பால் மூன்று கோப்பையும் தனித்தனியே பிழிக. அடி கனத்த தாச்சியில் இரண்டாம் பாலையும் மசித்த கிழங்கையும் கலந்து, கட்டியில்லாது கிண்டுக. பால் வற்றத் தொடங்கியதும், சிறிது நீரிற் கரைத்து வடித்த கருப்பட்டியைச் சேர்க்க. வடிக்காது சேர்த்தால் மணல் பல்லிற் கடிபடும். முதற்பாலை ஒரேயடியாக ஊற்றாமல், நாலைந்து தடவையாக, முன் ஊற்றியது வற்றியபின் ஊற்றுக. முக்கால் மணி தொடக்கம் ஒரு மணி நேரம் அகப்பை ஓயலாகாது, தீயும் மிகலாகாது. கலவை தாச்சியின் பக்கங்களை விட்டு உருண்டு, தேங்காயெண்ணெய் ஓரத்திற் கசியும்போது உப்பும் ஏலப்பொடியும் வறுத்த பருப்பும் இட்டு இறக்குக. எண்ணெய் தடவிய தட்டிற் பரப்பி, முற்றும் ஆறியபின்னரே வெட்டல் வேண்டும். எண்ணெய் கசியுமுன் இறக்கியது அல்வாவாகாது, களியாகும். மறுநாளே புளித்துப்போதலும் உண்டு.

சுசியம் செய்ய விரும்புவோர் கிழங்கை நீரில் அவியாது ஆவியில் அவிக்க. நீரேறிய மசியல் எண்ணெயில் வெடித்துவிடும். அரைக் கிலோகிராம் மசியலுக்கு வறுத்த அரிசிமா 100 தொடக்கம் 150 கிராம் வரை, கையில் ஒட்டாத பதம் வருமட்டும் சேர்த்துப் பிசைக. வறுத்து அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை ஆகியவற்றை உள்ளே வைத்து உருட்டி, நடுத்தரத் தீயிற் பொரிக்க. கிழங்கின் வெல்லம் விரைவிற் கருகுமாதலாற் பெருந்தீ உதவாது.

அவித்த கிழங்கைத் தேங்காய்ப்பூவுடனும் கட்டைச் சம்பலுடனும் உண்பதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. அதனை எல்லோரும் அறிவர், நல்லதென்றும் அறிவர்.

இவை நெய்ப்பும் இனிப்பும் மிக்க பண்டங்கள் என்பதை மறைப்பது முறையன்று. செம்மஞ்சட் சதையுள்ள கிழங்கில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரற்றீன் நிறைய உண்டு; அது கொழுப்புடன் சேர்ந்தபோதே உடலில் நன்கு உறிஞ்சப்படுமாதலால் தேங்காய்ப்பால் அங்கே வீண்போகாது. அத்தகைய கிழங்கை ஆபிரிக்க நாடுகளிற் பரப்பியோருக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. வெண்சதைக் கிழங்கில் அச்சத்து மிகக் குறைவு. நீரிழிவு நோயுள்ளோர் கருப்பட்டி சீனியைவிடக் குற்றமற்றது என்று எண்ணி அல்வாவை உண்ணலாகாது. அவர்களுக்கு அவித்த சிறு துண்டொன்று ஏற்றது. சுட்ட கிழங்கு குருதியில் வெல்லத்தை விரைந்து உயர்த்தும்.

இறுதியாக ஒன்று. வற்றாளை கொடியால் நடப்படுவதாதலால், தாய்க்கொடியின் இயல்பு பிள்ளைக்கொடிக்கு அப்படியே வரும். வாரியப்பொல சிவப்பு, வாரியப்பொல வெள்ளை முதலிய இனங்களை வைத்திருப்போரும், பெயர் தெரியாத ஊர்க்கிழங்கை வைத்திருப்போரும், அகழும்போது ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் நாலு கிழங்கைத் தனியே வைத்து, அதன் கொடியையும் நிழலான ஈரநிலத்தில் அடையாளமிட்டு நட்டுவைக்க. ஒரே முறையில் அவித்து, நார், இனிப்பு, மணம் ஆகியவற்றை வீட்டிற் சமைப்பவரே சுவைத்துச் சொல்லட்டும். அவர் தெரிந்த பாத்தியின் கொடிநுனிகளை, வண்டு தங்கும் முதிர்ந்த அடிப்பகுதியை விலக்கி, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டி, வெட்டிய ஓரிரு நாளில் அடுத்த போகத்துக்கு நடுக.