படமும் பாட்டும் கணக்காகும் காலம்: நம்ம பேர் எங்கே?



நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அந்த நாள் நமக்கு இல்லை. நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். "ஏன் அரைப்பேர் போட்டீங்க?" என்று கணக்கப்பிள்ளையிடம் வாதாடி முழுப்பேர் வாங்கிய அம்மாமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

அதே அம்மா கூடையோடு நிற்கிற படத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு போய் விளம்பரத்தில் போட்டால் அதற்கு என்ன கணக்கு? அவர் பாடிய தாலாட்டைப் பேரப்பிள்ளை போனில் பதிந்து வெளியே விட்டு, லட்சம் பேர் கேட்டால் அதற்கு யார் பேர் போடுவது? சினிமாவும் இசையும் இன்று எப்படி மாறியிருக்கின்றன, அதில் நம்ம பங்கு எங்கே இருக்கிறது என்பதை இந்த இதழில் படிப்போம். வட்டகொடை, தலவாக்கலைப் பக்கத்தில் போன் இல்லாத லயம் இன்று இல்லை. ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல.

சுருளில் வந்த காலம்

முன்பு படம் என்றால் பிலிம் சுருள். செக்கனுக்கு 24 படம் வீதம் ஓடும். இரண்டரை மணித்தியாலப் படத்தின் ஒரு பிரதிக்கு மட்டும் சுமார் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீற்றர் நீளமான பிலிம் வேண்டும். படப்பிடிப்பில் செலவாகும் பிலிம் அதைவிடப் பல மடங்கு. பிலிமை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கழுவ வேண்டும், பிரதி எடுக்க வேண்டும், பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் காசு உள்ளவர்தான் படம் எடுக்கலாம்.

அப்படிப்பட்ட காலத்திலும் நம்ம கதை திரைக்கு வந்தது. இலங்கையின் ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் ஒன்றின் பெயரே 'தோட்டக்காரி'. அது 1963இல் வந்தது. 1975இல் மலையகத்து வாழ்வைச் சொல்லும் 'புதிய காற்று' வந்தது. அதைத் தயாரித்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன். ஆனால் அப்படிப்பட்ட படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கதைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பிலிமுக்குக் காசுதான் பஞ்சம்.

படம் எண்ணாக மாறுவது எப்படி?

டிஜிட்டல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். போன் கெமரா ஒரு காட்சியைப் பிடிக்கும்போது அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிக்கிறது. சாதாரண வீடியோவில் ஒரு படத்துக்குள்ளேயே சுமார் 20 லட்சம் புள்ளி இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்ணை எழுதி வைக்கிறது. குரலும் அப்படித்தான். காற்றின் அதிர்வைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாக எழுதுகிறது.

எண்ணாக மாறியதும் மூன்று வசதி வந்துவிடுகிறது. ஒன்று, எத்தனை பிரதி எடுத்தாலும் தேயாது. இரண்டு, ஒரு நிமிடத்தில் உலகின் மறுகோடிக்கு அனுப்பலாம். மூன்று, வெட்டலாம், ஒட்டலாம், நிறம் மாற்றலாம், இல்லாததைச் சேர்க்கலாம்.

தமிழ்ச் சினிமா இதற்கு வந்தது படிப்படியாகத்தான். 1994இல் 'மகாநதி' படத்தொகுப்புக்குக் கணினியைப் பாவித்தார்கள். 2004இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்', அடுத்த வருடம் கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' ஆகியவை டிஜிட்டல் கெமராவில் எடுக்கப்பட்டன. பிறகு தியேட்டர்களிலும் சுருளுக்குப் பதிலாகக் கணினி வந்தது. உலகம் முழுக்கப் பிலிம் விற்ற கொடாக் கம்பனி 2012இல் கடனுக்கு முகங்கொடுக்க முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது.

நமக்கு இதில் பெரிய நன்மை உண்டு. நாலு கிலோமீற்றர் பிலிம் வாங்க வழியில்லாத பிள்ளை, இன்று லயத்து அறையில் இருந்தே ஒரு குறும்படத்தை எடுத்து, வெட்டி, இசை சேர்த்து வெளியிடலாம்.

பார்ப்பவனையும் எண்ணும் காலம்

இனி 'தரவு' என்ற சொல்லுக்கு வருவோம். தரவு என்றால் கணக்கு வைக்கக்கூடிய விபரம். செக்ரோல் ஒரு தரவுப் புத்தகம்தான்.

தியேட்டர்காரருக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்பது மட்டும் தெரியும். யூடியூப், நெட்பிளிக்ஸ், டிக்டொக் போன்றவற்றுக்கு அதைவிட அதிகம் தெரியும். நீங்கள் எந்தப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டீர்கள், எந்த இடத்தில் அலுத்துப் போய் நிறுத்தினீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எல்லாமே எழுதப்படுகிறது. அதை வைத்து அடுத்து எதைக் காட்டுவது, எதைத் தயாரிப்பது என்று முடிவு செய்கிறார்கள். நெட்பிளிக்ஸ் 2013இல் வெளியிட்ட 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' என்ற தொடரைத் தன் சந்தாதாரர்களின் கணக்கைப் பார்த்து நம்பித்தான் துணிந்து வாங்கியது.

காசும் இந்தக் கணக்கின்படிதான் பிரிகிறது. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க ஒரு சனலுக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும். அத்தோடு 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறு வீடியோக்கள் ஒரு கோடித் தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன்பிறகு நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் போட்டவருக்கு. ஆகவே பத்து வீடியோ போட்டவுடன் காசு கொட்டும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. நம்ம கலியாண வீடியோவில் சினிமாப் பாட்டைச் சேர்த்துப் போட்டால், அந்தக் கணினி பாட்டைக் கண்டுபிடித்துவிடும். உரிமை பதியப்பட்ட பாட்டுகளுக்குக் கைரேகை மாதிரி ஒரு பதிவு அதனிடம் உண்டு. வருமானம் வந்தால் அது பாட்டுக்கு உரிமை பதிந்தவருக்குப் போகலாம். பேர் பதிந்தவனுக்குத்தான் காசு என்பதை இங்கே கவனியுங்கள்.

ஒரு பாட்டு சொல்லும் பாடம்

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு வந்தது. நம்ம பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் வேர் நம்ம தேயிலையில் இருப்பது பலருக்குத் தெரியாது. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எத்தனை குடும்பம் அப்படி ரயில் ஏறியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பாட்டி சொன்ன கதையும், சொந்த நிலம் இல்லாமல் உழைத்த சனத்தின் வாழ்வும்தான் அந்தப் பாட்டின் சாரம். அறிவோடு பாடியவர் தீ. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன்.

யூடியூபில் மட்டும் சில வருடத்துக்குள் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. இவ்வளவு பெரிய பாட்டுக்கு என்ன நடந்தது?

2021 ஓகஸ்டில் ஒரு பிரபல இசைச் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவின் முகம் இல்லை. பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை போட்டார்கள். 2022இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. அதன்பின் மெட்டு யாருடையது, சொல் யாருடையது என்று கலைஞர்களுக்குள்ளேயே பகிரங்கமாகக் கருத்து வேறுபாடு வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பாட்டை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒன்று விடாமல் எண்ண இயந்திரத்தால் முடிந்தது. யார் என்ன செய்தார், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு மட்டும் தகராறில் நின்றது. அந்தக் கணக்கை மனுசர்தான் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். இவ்வளவு பேர் பெற்ற கலைஞருக்கே இந்த நிலை என்றால், தோட்டத்தில் பாடுகிற நம்ம பாட்டிமாருக்கு?

ஒரு நாள் பேர், ஆயுள் முழுக்க வேலையா?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. ஒருவரின் குரல் பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால், அவர் பாடாத பாட்டையும் அவர் குரலில் பாட வைக்கிறது. 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தில், காலமான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் அப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, அதற்குரிய பணமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். அதே வருடம் ஜனவரியில் கொழும்பில் காலமான பவதாரிணியின் குரல், அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில் 'தி கோட்' படப் பாட்டொன்றில் மறுபடி கேட்டது.

கேட்காமல் செய்வதும் நடக்கிறது. தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' படம் 2025 ஓகஸ்டில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, கதாநாயகன் சாகும் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, அவன் பிழைப்பதாகக் காட்டினார்கள். தனுஷும் இயக்குநர் ஆனந்த் எல். ராயும் எதிர்த்தார்கள். படத்தின் உரிமை தன்னிடம் என்றது கம்பனி.

அமெரிக்காவில் 2023இல் நடிகர் சங்கம் 118 நாளும் எழுத்தாளர் சங்கம் 148 நாளும் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். கூட்டத்தில் நிற்கும் சாதாரண நடிகரை ஒரு நாள் சம்பளத்துக்கு முழுசாகப் படம் பிடித்து, அந்த உருவத்தை என்றென்றைக்கும் பாவிக்கக் கம்பனிகள் கேட்டதாகச் சங்கம் சொன்னது. கம்பனிகள் மறுத்தன. கடைசியில் ஒப்பந்தத்தில், உருவத்தைப் பாவிக்கச் சம்மதம் வேண்டும், கூலி வேண்டும் என்று எழுத வைத்தார்கள். ஒரு பேரைப் போட்டுவிட்டு ஆயுள் முழுக்கக் கொழுந்து கேட்டால் நாம் சும்மா இருப்போமா? அவர்களும் இருக்கவில்லை. சங்கத்தின் அருமை நமக்குப் புதிதல்ல.

பேர் இல்லாத பாட்டுகள்

நம்ம வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. கவிஞர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். மலைநாட்டு மக்களின் வாய்ப்பாட்டுகளைத் தேடித் தொகுத்தவரும் அவரே. அவர் எழுதி வைத்ததால் அந்தப் பாட்டுகள் பிழைத்தன. ஆனால் முதலில் கட்டிப் பாடிய பெண்களின் பேர்களை இன்று யார் சொல்வார்?

நம்மிடம் இன்று போன் இருக்கிறது. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், தப்பு அடிப்பவரின் கைவேகம், ஒப்பாரி, தாலாட்டு எல்லாவற்றையும் பேரோடு பதிந்து வைக்க நம்மால் முடியும்.

நாம் செய்யக்கூடியவை

1. பதியத் தொடங்கும்போது முதலில் பாடுபவரின் பேர், தோட்டம், தேதி, யாரிடம் படித்த பாட்டு என்பதை வாயால் சொல்ல வையுங்கள். அதுதான் நம்ம செக்ரோல்.

2. மூலப் பதிவை அழிக்காதீர்கள். போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

3. நாலு பேர் சேர்ந்து பாட்டோ படமோ செய்தால், யார் எதைச் செய்தார், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரரா இருந்தாலும் எழுதுங்கள்.

4. வெளியார் படம் எடுக்க வந்தால், "எதுக்கு எடுக்குறீங்க, எங்க போடுவீங்க?" என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளைகளைப் படம் எடுக்கத் தாய் தகப்பனின் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

5. விளங்காத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். 'எல்லா உரிமையும்', 'எக்காலத்துக்கும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று வாசிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

6. சட்டம் தெரிந்து கொள்ளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டோ கதையோ எழுதியவருக்கு எழுதியவுடனே பதிப்புரிமை உண்டு. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. அவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் அது நிற்கும். பாடுபவர், ஆடுபவர் உரிமைக்கும், நாட்டார் கலைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் தகராறு வந்தால் நாம்தான் செய்தோம் என்று காட்ட ஆதாரம் வேண்டும். முதல் மூன்றும் அதற்குத்தான்.

வீட்டில் பேச

அ. உங்கள் குடும்பத்தில் பாட்டுத் தெரிந்த பெரியவர் யார்? அவர் குரல் எங்காவது பதிவில் இருக்கிறதா?

ஆ. காலமான ஒருவரின் குரலை மறுபடி பாட வைப்பது சரியா? குடும்பம் சம்மதித்தால் போதுமா, அவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டுமா?

இ. உங்கள் படத்தை ஒரு தேயிலைப் பெட்டியில் போடக் கேட்டால் என்ன நிபந்தனை சொல்வீர்கள்?

இந்தக் கேள்விகளை வாசிகசாலையிலும், மாதர் சங்கக் கூட்டத்திலும், இளைஞர் கழகத்திலும் வைத்துப் பேசுங்கள். வந்த பதில்களை எங்களுக்கு எழுதுங்கள். எழுதும்போது, பதிலைச் சொன்னவரின் பேரையும் மறக்காமல் போடுங்கள்.