வாசலைக் கடைசியில் ஒப்படையுங்கள்

வீட்டில் க்ரெச் நடத்துகிறவர்கள் யாராவது, பயிற்சிக்கு ஒரு பெண்ணைச் சேர்க்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தால், டயப்பர், பால், தூக்கம் எதைப் பற்றியும் முதலில் பேசமாட்டேன். "அந்தப் பொண்ணோட போனை எங்கே வைக்கப் போறே?" என்றுதான் கேட்பேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. செருப்பு வாசலில், போன் டின்னில். என் போனுக்கு மட்டும் விலக்கு. அம்மாக்கள் கூப்பிடுவார்களே!

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம்தான் க்ரெச். பெருங்குடி, தரமணிப் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளே அதிகம். 2017-ல் சட்டத்தைத் திருத்திப் பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேர் வேலை பார்க்கிற இடத்தில் க்ரெச் வசதி வேண்டும் என்று சொன்னதும் அதே திருத்தம்தான். அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் காலை எட்டரைக்கு என் வாசலுக்கு வாருங்கள்.

விடுப்பு முடிந்த கையோடு வருவதால் குழந்தைக்கு ஆறேழு மாதம்தான் இருக்கும். வேற்று முகம் பார்த்து அழத் தொடங்குகிற பருவம். அதனால் புதிதாக வருகிற பெண் முதல் வாரம் எந்தக் குழந்தையையும் தூக்கக் கூடாது. பாயில் உட்காரட்டும், கிலுகிலுப்பையை உருட்டட்டும். குழந்தையே தவழ்ந்து வந்து மடியில் ஏறும். அந்தப் பொறுமை இல்லாதவளை அதே வாரம் அனுப்பிவிடலாம்.

என்னிடம் வந்தவளுக்குப் பொறுமை இருந்தது, கையும் சுத்தம். அவள் படித்த பயிற்சி நிலையத்தின் மேல்தான் எனக்குக் கோபம். மரியா மாண்டிசோரி 1939-ல் இந்தியா வந்து அடையாறில் ஆசிரியர் பயிற்சி நடத்தியதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். குழந்தைக்கு மூக்கைச் சிந்திவிடத் தெரியவில்லை. வண்ண அட்டை வெட்டவும் ரெக்கார்டு நோட்டு எழுதவும்தான் அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "பஸ் காசு மட்டும் கொடுங்க மேடம், அவளுக்கு அனுபவம் கிடைக்குதில்ல" என்றார்கள் போனில். நான் மாதச் சம்பளமும் மதியச் சாப்பாடும் கொடுத்தேன். இதை இங்கே எழுதக் காரணம், நான் ஓசியில் வேலை வாங்கினேன் என்று பின்னால் தெருவில் ஒரு பேச்சு ஓடியது.

மற்றதெல்லாம் எந்தப் பெண்ணும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்வதுதான். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, பாட்டி கொடுத்தனுப்பினாலும் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும், வேர்க்கடலை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. குளியலறை வாளி காலியாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். அரை வாளித் தண்ணீர் போதும் ஒரு குழந்தையைக் கொண்டுபோக. பிழிந்து கொடுத்தனுப்பும் தாய்ப்பாலை வெளியே நான்கு மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருந்தாள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. மே மாதத்து மடிப்பாக்கத்தில் பை வந்த நிமிடமே ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

இதில் எதிலும் அவள் தவறவில்லை. எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில்.

ஒரு பையன், பதினொரு மாதம். சோபாவைப் பிடித்துக்கொண்டே சுற்றி வருவான். ஒரு நாள் கையை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தான். நாங்கள் இருவரும் பார்த்தோம். "சாயங்காலம் அவங்கம்மா வந்தா இதைச் சொல்லாதே" என்றேன். இந்தத் தொழிலில் இருக்கிற பலரும் செய்கிற காரியம்தான் இது. முதல் அடியைக் குழந்தை வீட்டில் வைக்கட்டும், பெற்றவள் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவோம். "நிக்க ஆரம்பிச்சிட்டான், கேமராவைக் கையிலயே வெச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவோம். ஏன் சொல்லக் கூடாது என்று அவளுக்கு நான் விளக்கவில்லைதான். அடுப்பில் கஞ்சி, ஒருத்தி அழுகிறாள், ஒருவன் மண்ணைத் தின்கிறான். விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

மறுநாள் நான் கேஸ் சிலிண்டர் வாங்கப் போன நேரத்தில் பையன் மறுபடி நடந்திருக்கிறான். அவள் வீடியோ எடுத்தாள். எடுத்ததை எல்லா அம்மாக்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டாள், இரண்டு இதயத்தோடு.

சின்ன வீடியோ. முன்னால் பையன் தள்ளாடி வருகிறான். பின்னால் டி.வி.யில் என் மாமியாரின் சீரியல் ஓடுகிறது. எங்கள் க்ரெச்சில் டி.வி. கிடையாது என்று சேர்க்கும்போதே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மூலையில், உடை மாற்றும் பாயில், இன்னொருவர் வீட்டுப் பெண் குழந்தை ஜட்டி இல்லாமல் நிற்கிறது. அதை அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பெண் குழந்தையின் அப்பா மாலையிலேயே வந்துவிட்டார். அவர் கத்தியதில் நியாயம் உண்டு. டி.வி.யைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, எண்பது வயது மனுஷி தன் வீட்டில் அரை மணி நேரம் சீரியல் பார்ப்பதை நான் எப்படித் தடுப்பது என்று இன்றைக்கும் அதே பதில்தான் வைத்திருக்கிறேன்.

பையனின் அம்மாதான் என்னை உலுக்கிவிட்டாள். மீட்டிங்கில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்திருக்கிறாள். வாசலில் நின்று, "இன்னிக்குத்தான் மொதல்ல நடந்தானா ஆன்ட்டி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "நேத்தே நடந்துட்டான்க்கா. ஆன்ட்டிதான் சொல்ல வேணாம்னாங்க."

அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. இதை மறைத்தவள் வேறு எதை மறைத்தாளோ என்ற கேள்வி ஒரு முறை வந்துவிட்டால், குழந்தை முழங்கையில் கொசு கடித்த தடிப்பைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்த மாதக் கடைசியில் பையன் க்ரெச்சை விட்டு நின்றுவிட்டான். கூடவே அவன் அம்மாவின் அலுவலகத் தோழிகள் இருவரின் குழந்தைகளும் நின்றன. பையனின் அம்மாவைக் கேட்டால் நான் அவளிடமிருந்து ஒன்றைத் திருடிவிட்டேன் என்பாள். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொள்வதைவிட, தன் வீட்டுக் கூடத்தில் தன் கண்ணால் பார்ப்பது மேல் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதனால் பயிற்சிக்கு வருகிறவளுக்குக் குழந்தையை முதல் மாதமே பழக்குங்கள், வாசலைக் கடைசியில் ஒப்படையுங்கள். அதுவரை அம்மா அப்பாவோடு அவள் வணக்கம் மட்டும் சொன்னால் போதும். பிறகு நீங்கள் பேசும்போது பக்கத்தில் நிற்க வையுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் தூங்கினான், வெளிக்குப் போனானா, இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "இன்னிக்கெல்லாம் ஒரே அழுகை" என்று ஆரம்பித்தால் அந்தத் தாய்க்கு அன்று ராத்திரி தூக்கம் இருக்காது. எத்தனை மணிக்கு அழுதான், எதைக் கொடுத்ததும் அழுகையை நிறுத்தினான் என்று சொன்னால் வீட்டில் அவளும் அதையே செய்து பார்ப்பாள். விழுந்து அடிபட்டால் சாயங்காலம் வரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள். தாத்தாவே வந்து நின்றாலும், அம்மாவிடம் கேட்காமல் குழந்தையைக் கையில் கொடுக்கக் கூடாது. எதைச் சொல்ல வேண்டாம் என்கிறீர்களோ, அதற்கு ஏன் என்பதையும் கஞ்சி பொங்கி வழிந்தாலும் பரவாயில்லை என்று நின்று சொல்லிவிடுங்கள்.

அவள் இப்போது பின் தெருவில் தனியாக போர்டு மாட்டிவிட்டாள். போன குழந்தைகளில் இரண்டு அங்கேதான் இருக்கின்றன. பயிற்சி நிலையத்திலிருந்து இந்த ஜூனில் மறுபடி போன். இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம், பிராக்டிகலுக்கு எடுத்துக்கொள்ள முடியுமாம். பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று உங்கள் பாடத்தில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். சிலபஸை அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள். இதுவரை வரவில்லை.