முட்டைக்கோதை எங்கே போடுவது?

விடுமுறைக்குக் கொடுத்த வீட்டுத்தோட்டச் செயற்றிட்டத்தோடு எழுவைதீவுப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். ஒருவர் மிளகாய், ஒருவர் கத்தரி, ஒருவர் தக்காளி. பயிர் வேறானாலும் உரம் எல்லாருக்கும் ஒன்றுதான்: போத்தலில் அடைத்த முட்டைக்கோதுத் தூள். ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். "அம்மா போடச் சொன்னவா." "நோர்வேயில இருக்கிற மாமி வீடியோ அனுப்பினவா." "எல்லாரும் இதைத்தானே சேர் போடுகினம்." தன் காணி மண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தேன் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது, அந்த ஆண்டு முடியுமுன்பே தடையைத் தளர்த்தியது. தடை போய்விட்டது. அந்த நாட்களில் கைக்குக் கை மாறிய வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது வைத்தியங்கள் மட்டும் போகவில்லை.

கோதுக்கு வீட்டில் வேலை இல்லாமலில்லை. விறகடுப்பில் கரிபிடித்த சட்டியைச் சாம்பலோடு நொறுக்கிய கோதும் சேர்த்துத் தேய்த்தால் கரி நன்றாக விடும். கை நுழையாத பிளாஸ்க்குக்குள் கொஞ்சம் கோதும் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் தேநீர்க் கறை கழலும். ஆனால் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவுக்குக் கோதைப் போடாதீர்கள். அந்தப் படிவும் கோதும் ஒரே சரக்கு, இரண்டும் கல்சியம் காபனேற்று. அதற்கு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ தனியாக விடவேண்டும். கூடக் கோதையும் போட்டால் புளிப்பு கோதைக் கரைப்பதிலேயே தீர்ந்துபோகும்.

பாதிக்கோதில் மண் நிரப்பி நாற்றுப்போடுவது படத்துக்கு அழகு. சோளகம் வீசும் மாதங்களில் அந்தக் கையளவு மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பல்லியை விரட்ட யன்னலில் கோது வைப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப்பல்லி இடுவதும் சுண்ணாம்புக் கோதுள்ள முட்டைதான், அது இதைக் கண்டு ஏன் ஓடவேண்டும்? கண்ணூறுக்குக் கற்றாழை முள்ளில் குத்திவைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு வாசலிலும் உண்டு.

இனி உரத்துக்கு வருவோம். பிள்ளைகள் எல்லாரும் போய் விழுந்த இடம் அதுதான்.

ஒரு கோது ஏறத்தாழ 6 கிராம் நிறை. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல். நுவரெலியா போன்ற மலைநாட்டுப் புளிப்பு மண்ணுக்கு இது நல்லது. தேயிலைத் தோட்டங்களில் டொலமைட் போடுவதும் புளிப்பைக் குறைக்கத்தான். நோர்வே மண்ணும் பெரும்பாலும் புளிப்பு மண், மாமி அங்கே போட்டுப் பலன் கண்டிருக்கலாம். நாங்கள் இருப்பதோ சுண்ணாம்புக்கல்லின் மேலே. நெடுந்தீவில் கடற்கல்லை அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக இருந்ததே இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்தான். எழுவைதீவில் எந்தக் கிணற்றை வெட்டினாலும் மேல்மண்ணுக்குக் கீழே வெள்ளைக்கல் வரும். அந்த நிலத்தில் முட்டைக்கோதைத் தூவுவது கடலுக்குள் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை.

நம்பாதவர்கள் ஒரு சிரட்டைக்குள் காணி மண்ணை அள்ளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே தாராளம். பொங்காவிட்டால் வேறு கதை.

கோது அந்த மண்ணில் கரையப்போவதுமில்லை. ஒரு லீற்றர் தூய நீரில் கல்சியம் காபனேற்று ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கரையும். கரைக்க மண்ணில் புளிப்பு வேண்டும், எங்கள் மண்ணில் அது இல்லை. மகாராட்டிரத்தின் பட்னேயில் தீக்கோழி முட்டைக்கோதில் செய்த மணிகள் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து அகழ்வாளர் கைக்கு வந்திருக்கின்றன. உங்கள் மிளகாய்க் கன்றுக்கு அவ்வளவு காலம் இல்லை. கோதை ஊறவைத்த தண்ணீர் என்று ஒன்றும் ஊற்றுகிறார்கள். தீவுக் கிணற்றுத் தண்ணீரில் அதைவிடக் கூடுதல் சுண்ணாம்பு இருப்பதைக் கேத்திலே காட்டுகிறதே.

தக்காளியின் அடி கறுத்து அழுகுவது கல்சியக் குறைவுதான் என்று ஒரு பிள்ளை வாதாடினான். சரிதான். ஆனால் குறைவு காயில், மண்ணில் அல்ல. கல்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விட்டால் காய்க்குப் போய்ச் சேராது. உவர்த் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். அளவாக, நாள்தோறும், வேரடியை மூடிவைத்து நீர் விடுவதே மருந்து.

எங்கள் மண்ணில் கண்ணுக்குத் தெரிகிற நோய் வேறு. இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டவிடாது. நாகமும் மங்கனீசும் அப்படியே. இதற்கு மேலும் சுண்ணாம்பைப் போடுவதா? எங்கள் ஆட்கள் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டார்கள், பட்டிபட்டியாக ஆடு மாடு கட்டினார்கள். மண்ணுக்கு வேண்டியது உக்கல் என்று வீடியோ இல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலைக்குக் காலம் எடுக்கும், முதுகு நோகும், படம் எடுத்து அனுப்ப ஒன்றும் இராது. அதனால்தான் இன்று அதற்கு ஆளில்லை.

மண்ணைப் பாராமல் உரம் எடுத்த இதே பிள்ளைகள்தான் உயர்தரத்துக்குப் பாடம் எடுக்கும்போதும் அம்மா சொன்ன உயிரியல், மச்சான் எடுத்த கணிதம் என்று போகிறார்கள். தவளையைத் தொடவே அருவருக்கிறவனுக்கு உயிரியல். கணக்கை ரசித்துச் செய்கிறவள், கூட்டாளி போகிறாள் என்று கலைப்பிரிவு. தன் கைக்கு எது வருகிறது என்று ஒரு தவணையாவது பொறுத்துப் பார்க்க வீட்டில் விடுவதில்லை. பிள்ளைகளே, கொஞ்சம் பொறுங்கள். பெற்றோரே, நீங்களும்தான்.

சரி, கோதுக்குத் திரும்புவோம். அதற்கு நான் காட்டும் இடம் கோழிக்கூடு. நான் கோழி வளர்க்கிறவன், பக்கச்சார்பு உண்டு, இருக்கட்டும். நாள்தோறும் இடும் பேட்டுக்கு ஏறத்தாழ 4 கிராம் கல்சியம் வேண்டும். அதில் பாதியளவே கோதாகத் திரும்பி வரும். மீதியைத் தரும் கடைத்தீனியோ ஊர்காவற்றுறையிலிருந்து படகில் ஏறி வரவேண்டும், அதனால் அந்தப் பாதியும் மிச்சம்தான்.

கோதைப் பச்சையாகப் போடவேண்டாம், நோய்க்கிருமி இருக்கலாம். பத்து நிமிடம் அவித்து வெயிலில் காயவிடுங்கள், அல்லது சட்டியில் மொறுமொறுப்பாக வறுங்கள். உள்சவ்வை உரிக்கத் தேவையில்லை. உரலில் இட்டு, முட்டையின் உருவமே தெரியாதபடி இடிக்கவேண்டும். உருவம் தெரிந்தால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகும். ஆனால் மாவாக்கிவிடாதீர்கள், குறுணியாக இருந்தால் இரவில் கோது கட்டும் நேரத்துக்கு மெல்ல மெல்லக் கரைந்து உதவும். தீனியோடு கலக்காமல் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையான பேடு தானே வந்து கொத்தும். இன்னும் முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளுக்கு இது ஆகாது, மிஞ்சிய கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிரட்டையைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள்.