நெடுந்தூக்கியும் நிதானமும்

மாத்தளை மாவட்டத்தின் கீழ்த்திசையிலே, மகாவலி கங்கையின் அயலில் அமைந்துள்ளது வில்கமுவப் பிரதேசம். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே 'பதினெட்டு வளைவு' எனப் பெயர்பெற்ற பகுதியை இறங்கி, ஹசலகையில் வடக்கே திரும்பினால் அதன் நகரமாகிய ஹெட்டிப்பொலையை அடையலாம். 1984ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பெற்ற வஸ்கமுவக் காடு இதனை அடுத்துள்ளது. யானைக் கூட்டங்களைக் காண வருவோர் அங்கு ஜீப் வண்டிகளிலேயே செல்வர். வடகீழ்ப் பருவமழை பெய்யுங் காலத்தில் அவ்வட்டாரத்து மண்பாதைகள் சேறாகிவிடும். சேற்றிற் புதைந்த வண்டியை மீட்பதற்கென்று சாரதிமார் ஓர் உயர்ந்த இரும்புக் கருவியை உடன் கொண்டுசெல்வர். கராஜுகளிலே 'ஹைலிப்ட் ஜக்' என வழங்கும் அக்கருவியை நாம் இக்கட்டுரையில் 'நெடுந்தூக்கி' எனக் குறிப்போம்.

தமிழாசிரியராகிய நமக்கு இப்பொருளில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் வியக்கக்கூடும். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றோம்.

நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரிகாலத்தில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு வில்கமுவவுக்குச் சுற்றுலாச் சென்றோம். பூங்காவின் எல்லைக்குப் புறத்தே, வயலோரப் பாதையொன்றில், நாம் சென்ற ஜீப்பின் பின்சில்லொன்று அச்சுவரை புதைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அது யானைகள் பாதைக்கு வரும் நேரம். சாரதியின் உதவியாளனாய் வந்த இளைஞன் நெடுந்தூக்கியைச் சேற்றின்மீதே நிறுத்தி வண்டியை உயர்த்தினான். சில்லின்கீழ்க் கற்களை இட்டபின், வண்டியை இறக்கத் தொடங்கினான். அவ்வேளையில், "கெதியாய் இறக்கு தம்பி, இருட்டுகிறது" என்று அவனை விரைவுபடுத்தியவர் நாமே. சேறு படிந்த அவன் கை வழுக்கியது. பிடியிரும்பு மேலெழுந்து அவனது தாடையைத் தாக்கிற்று. பற்கள் இரண்டு போயின. சற்று மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

பின்னால் வந்த மற்றொரு ஜீப்பின் முதிய சாரதி வண்டியை மீட்டுத் தந்தார். ஏற்றுவது எவருக்கும் இயலும், இறக்குவதற்கே தொழில் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர் சிங்களத்திற் கூறியதை நாம் மறக்கவில்லை. பின்னர் அவரிடமும், பிற மெக்கானிக்குகளிடமும், கருவியுடன் வரும் கைநூலிலும் கற்றவற்றையே இங்கு தருகின்றோம்.

கருவியின் இயல்பு

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிலே நாம் பயின்ற முதற்பாடங்களுள் ஒன்று. ஆதலின் நம் வீட்டு முற்றத்தில் உள்ள அலவாங்கிலிருந்து தொடங்குவோம். அலவாங்கு என்பது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். அவர்தம் மொழியில் நெம்புகோல் என்பதே அதன் பொருள். பெருங்கல்லைப் புரட்டுவோர் ஒரு சிறுகல்லை அணையாக வைத்து, அலவாங்கின் நுனியைப் பெருங்கல்லின்கீழ்ச் செலுத்தி, மறுமுனையை அழுத்துவர். நெடுந்தூக்கியும் அத்தகையதோர் அலவாங்கே. ஆயின், ஒருமுறை நெம்பியதும் பாரம் மீண்டும் கீழிறங்காதவாறு பற்றிக்கொள்ளும் உபாயமும் அதில் உண்டு.

நெடுகிலுந் துளையிடப்பெற்ற நிமிர்ந்த உருக்குச் சட்டம் ஒன்று, அதன் அடியில் ஒரு சிறு தகடு, சட்டத்தின்மீது ஏறியிறங்கும் ஓடுதொகுதி, பாரத்தைத் தாங்க அதிலிருந்து நீளும் நாக்கு, நீண்ட கைபிடி, துளைகளில் மாறிமாறிப் புகும் இரண்டு ஊசிகள், ஏற்றமோ இறக்கமோ என்பதைத் தீர்மானிக்கும் சிறு திசைமாற்றி. இவையே அதன் உறுப்புக்கள். ஓர் ஊசி பாரத்தைத் தாங்கி நிற்க மற்றையது அடுத்த துளைக்கு ஏறும். 1905ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் புளூம்பீல்டிலே தோன்றிய இக்கருவி, வேலிக்கட்டைகளைப் பிடுங்குதல் முதலிய பண்ணைத் தொழில்களுக்கும் பயன்பட்டது. இன்று 36 அங்குலம் முதல் 60 அங்குலம் வரையான உயரங்களிற் கிடைக்கின்றது.

நெம்பின் கணக்கு

கைபிடியின் நீளம் 30 அங்குலம் என்றும், பாரம் தங்கும் புள்ளி சுழலிடத்திலிருந்து ஓரங்குலத்தில் உள்ளதென்றும் கொள்வோம். உராய்வை நீக்கிக் கணித்தால், 600 கிலோகிராம் பாரத்தை உயர்த்த 20 கிலோகிராம் அளவான அழுத்தமே போதும். இது மனிதனுக்குக் கிடைத்த இலாபம். ஆனால் இலாபத்திற்கு ஈடாக, கை 30 அங்குலம் அசையப் பாரம் ஓரங்குலமே அசையும்.

இனி இக்கணக்கை மறுதலையாக நோக்குக. கை வழுக்கினால், பாரம் கைபிடியைத் திருப்பித் தள்ளும். அப்போது பாரம் இறங்கும் வேகத்தினும் 30 மடங்கு வேகத்தோடு பிடியின் நுனி பாயும். இறக்கும் நிலையிலோ, பாரம் தீருமட்டும் அப்பிடி மேலுங் கீழுமாகத் தானே அடித்துக்கொள்ளவுங் கூடும். அவ்விளைஞனின் தாடையைத் தாக்கியது இவ்விசையே. ஏற்றும்போது நமக்கு ஏவல்செய்யும் நெம்பு, கைவிட்ட கணத்தில் நம்மை அடிக்கும் தண்டாகின்றது.

நிற்க ஓரிடம் கிடைத்தால் உலகையே நெம்பிவிடலாம் என்று ஆர்க்கிமிடீசு கூறியதாகச் சொல்வர். அவர் முதலில் வேண்டியது நிற்கும் இடத்தையே என்பது கருதத்தக்கது. நெடுந்தூக்கியின் அடித்தகட்டின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலந்தான். 600 கிலோகிராம் பாரம் அதன்மீது நின்றால், ஒவ்வொரு சதுர அங்குலமும் 21 கிலோகிராமுக்கு மேல் அழுத்தும். ஈரமண் அதைத் தாங்காது. ஓரடிச் சதுரமான தடித்த பலகையை அடியில் இட்டால் அழுத்தம் ஏறத்தாழ 4 கிலோகிராமாகக் குறையும். சேற்றில் ஒரு பலகைக்கு இத்துணை மதிப்பு உண்டு.

ஏற்றுமுன் செய்வன

1. உயர்த்துவது அவசியந்தானா என்று முதலில் ஆராய்க. சேற்றை அகழ்ந்து, சில்லின்முன் பலகையோ கிளைகளோ இட்டு, ரயரின் காற்றைச் சிறிது குறைத்தாலே பல வண்டிகள் வெளியேறிவிடும். வன்னிலத்திற் சில்லு மாற்றுவதற்குக் குட்டையான ஜக்கே ஏற்றது.

2. வண்டியிலுள்ளோர் யாவரும் இறங்கி விலகி நிற்றல் வேண்டும். பூங்காவுக்குள்ளே பயணிகள் தாமாக இறங்குதல் விதிக்கு மாறானது. ஆட்கள் இருக்கும் வண்டியை உயர்த்துதலும் தகாது. ஆதலின் அங்கு மற்றொரு வண்டியை வரவழைத்து இழுப்பித்தலே முறை. இயலாவிடின், வழிகாட்டியின் சொற்படி அவ்வண்டிக்கு மாறுக.

3. நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ இடுக. கைத்தடையை மட்டும் நம்பற்க. பழைய லாண்ட் ரோவர் வண்டிகளிற் கைத்தடை சில்லுகளைப் பற்றுவதில்லை. பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டையே பற்றும். பின்சில்லொன்று மேலெழுந்ததும், டிபரென்சல் என்னும் பற்சில்லுத் தொகுதி அதனைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, மற்றைச் சில்லை முன்னோக்கி உருளவிடும். கைத்தடை இழுத்தபடியே இருக்க வண்டி நகர்ந்து தூக்கி சரிவது இதனாலேயே.

4. ஊசிகளிலும் துளைகளிலும் உள்ள சேற்றைக் கழுவி, இலேசான எண்ணெய் இடுக. சட்டம் வளைந்திருப்பின் அக்கருவியைத் தொடாது விடுக. மிகைப்பாரத்தில் முறியுமாறு அமைத்த மரையாணிக்குப் பதிலாக வலிய ஆணியை மாட்டற்க; உடையவேண்டியது உடையாவிடின் உடையக்கூடாதது உடையும்.

5. கருவியின் நாக்கை வண்டியின் உருக்குச் சட்டத்திலோ, உறுதியான இரும்புப் பம்பரிலோ பொருத்துக. புதிய வண்டிகளின் பிளாஸ்டிக்குப் பம்பர் இதற்கு உதவாது.

ஏற்றும் முறை

தூக்கி நேராக நிற்கின்றதா என்று இரு பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். இரு கைகளாலும் பிடியைப் பற்றி, பிடிக்கும் சட்டத்திற்கும் இடையே தலை வராதவாறு ஒருபுறமாக நின்று, ஊசி துளையிற் புகும் ஓசை கேட்கும்வரை அழுத்துக. பாதியில் நிறுத்துதல் ஆபத்து. சில முறை அழுத்தியபின் நின்று, அடித்தகடு புதைகின்றதா, சட்டம் சாய்கின்றதா என்று பார்க்க. சாய்ந்தால் உடனே இறக்கி மீண்டும் நிறுத்துக. தள்ளி நிமிர்த்த முயலற்க.

வண்டியின் உடல் உயர்ந்தாலும், வில்கள் நீண்டு தொங்குவதாற் சில்லு சேற்றிலேயே கிடக்கும். அதைக் கண்டு மேலும் மேலும் உயர்த்துவோர் பலர். அச்சைச் சட்டத்தோடு சங்கிலியாற் பிணைத்துவிட்டு உயர்த்தினால், குறைந்த உயரத்திலேயே சில்லு எழும். சில்லு எழுந்ததும் ஏற்றத்தை நிறுத்துக. உயரம் மிகுந்தோறும் உறுதி குறையும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிற்பீலி வண்டிக்கும் அச்சு முறியும் என்பதையும், கொம்பின் நுனியைக் கடந்து ஏறுவோன் உயிரிழப்பான் என்பதையும் வள்ளுவர் வலியறிதல் என்னும் ஓரதிகாரத்திலேயே வைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

இறக்கும் முறை

சில்லின்கீழ்க் குழியை நிரப்பும்போது நீண்ட கோலாலோ மண்வெட்டியாலோ கற்களைத் தள்ளுக. கையையோ காலையோ வண்டியின்கீழ் நீட்டற்க. பின்னர்ப் பிடியை நிமிர்த்திச் சட்டத்தோடு ஒட்டவைத்து, அந்நிலையில் மட்டுமே திசைமாற்றியை மாற்றுக. பிடி தாழ்ந்திருக்க அதனை மாற்றுதல் பெருந்தவறு. கைகளைத் துடைத்து உலர்த்திக்கொண்டு, இரு கைகளாலும் பிடியை இறுகப் பற்றி, அழுத்தியும் அடக்கியவாறு மேலேவிட்டும் படிப்படியாக இறக்குக. பாரம் பிடியை மேலே தள்ளுவதை ஒவ்வொரு முறையும் கை உணரும்.

இன்னொன்றும் அறிக. ஏறக்குறைய 70 கிலோகிராமேனும் பாரம் இருந்தாலன்றித் தூக்கி படிப்படியாய் இறங்காது; பாரம் நீங்கிய கணத்தில் ஓடுதொகுதி சடுதியாகக் கீழே விழும். விரல்கள் அங்கு இருத்தல் ஆகாது.

யாவற்றினும் முக்கியமான விதி ஒன்று: நெடுந்தூக்கி உயர்த்தும் கருவியேயன்றித் தாங்கும் தூணன்று. அது தாங்கி நிற்கும் வண்டியின்கீழ் எவரும் எக்காரணத்தாலும் புகலாகாது.

முடிவுரை

நம் பழைய மாணவருட் பலர் இன்று பொறியியலாளராகவும், நிலஅளவையாளராகவும், சாரதிகளாகவும், பிறரிடம் வேலை வாங்கும் அதிகாரிகளாகவும் விளங்குகின்றனர். இக்கட்டுரையின் விதிகள் பிடியைப் பற்றுவோருக்கு மட்டும் உரியனவல்ல. அருகில் நின்று விரைவுபடுத்துவோருக்கும் உரியன. அன்று நாம் வாய்மூடி நின்றிருந்தால் அவ்விளைஞன் கைகளைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிடம் கிடைத்திருக்கும்.

அவன் இப்போது தானே ஜீப் செலுத்துகின்றான். சென்ற முறை கண்டபோது, வண்டியின் பின்னே கட்டியிருந்த தடித்த பலகையொன்றை நமக்குக் காட்டினான். அதன் அருகே துணித்துண்டொன்றும் தொங்கிற்று. கை துடைப்பதற்கு என்றான். நாம் கற்பித்ததன்று அது. நம்மால் அவன் கற்க நேர்ந்தது. இம்மலரைப் படிக்கும் மாணவர் அப்பாடத்தைப் பல்லிழக்காமலே கற்பார்களாக.