கல்கி எழுதியது, கல்கியில் வந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரிக்குப் போன பிறகும் ‘பாப்பா’வா என்று கோபித்துக்கொள்ளாதே. அக்கா வீட்டில் உன்னை வேறு பெயரில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

துறை நூலகத்திலுள்ள தமிழ் நூல்களின் எக்செல் பட்டியலை ‘லிங்க்டு டேட்டா’வாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தமிழ் நூல்களுக்கென்றே புதிதாக ஓர் ஆன்டாலஜி உருவாக்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். ஆன்டாலஜி எழுதுவது ஆசைக்குரிய வேலைதான், ஆனால் உன் நேரத்தைத் தின்னப்போவது அது அல்ல. ‘இதுவும் அதுவும் ஒன்றா, வேறா’ என்ற கேள்விதான்.

உன் பட்டியலில் கட்டாயம் இருக்கும் ஒரு நூலை எடுத்துக்கொள்வோம்: பொன்னியின் செல்வன். எழுதியவர் கல்கி. 1950 முதல் 1954 வரை அது தொடராக வந்த இதழும் கல்கி. 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி வேறு, 1941இல் தொடங்கிய வார இதழ் வேறு என்று நமக்குத் தெரியும். எக்செல்லுக்கு இரண்டும் ஒரே மூன்றெழுத்து. அந்த எழுத்தாளரே இசை விமர்சனத்துக்குக் ‘கர்நாடகம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார் என்பதும் அதற்குத் தெரியாது. ஒரே பெயரில் இரண்டு பொருள், ஒரே ஆளுக்குப் பல பெயர். தமிழ் நூற்பட்டியலின் தலைவலி முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

ஊரில் நாலு முருகேசன் இருந்தால் மாடிவீட்டு முருகேசன், டீக்கடை முருகேசன் என்று பிரித்துக் கூப்பிடுகிறோம் அல்லவா? அதையே உலகம் முழுவதற்குமாகச் செய்வதுதான் யூஆர்ஐ. டிம் பெர்னர்ஸ் லீ 2006இல் லிங்க்டு டேட்டாவுக்கு நான்கு விதிகளை எழுதி வைத்தார். பொருள்களுக்கு யூஆர்ஐயால் பெயரிடு. அது இணையத்தில் திறக்கிற முகவரியாக இருக்கட்டும். திறந்து பார்ப்பவருக்குப் பொதுத் தர வடிவில் தகவல் கொடு. அங்கிருந்து பிறருடைய தரவுக்கும் இணைப்புக் கொடு. நாலாவதைத்தான் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சொந்த முகவரி, சொந்த ஆன்டாலஜி, சொந்தக் கிடங்கு என்று வைத்துக்கொண்டால் அது லிங்க்டு டேட்டா அல்ல, கொஞ்சம் சிக்கலான எக்செல்.

இணைப்பதற்கு முதலில் விக்கித்தரவை நாடு. 2012 அக்டோபரில் தொடங்கியது. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் உண்டு, யாரும் தடையின்றி எடுத்தாளலாம். ஒவ்வோர் உருப்படிக்கும் ‘க்யூ’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் அடையாளம். க்யூ 5 மனிதர், க்யூ 42 டக்ளஸ் ஆடம்ஸ். எல்லாவற்றுக்கும் விடை 42 என்று நாவலில் எழுதியவருக்கு அந்த எண்ணையே கொடுத்த குறும்பு அது. எழுத்தாளர் கல்கிக்கு ஓர் எண், இதழ் கல்கிக்கு வேறோர் எண். கர்நாடகம், ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர்களை எல்லாம் முதல் எண்ணின் கீழ் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிடலாம்.

அடையாளம் கிடைத்தபின் செய்தியை மூன்று உறுப்புகளாக எழுதுவதுதான் ஆர்டிஎஃப். ‘பொன்னியின் செல்வன் – எழுதியவர் – கல்கி’ என்பது ஒரு டிரிபிள். ‘பொன்னியின் செல்வன் – வெளியான இதழ் – கல்கி’ என்பது இன்னொன்று. எத்தகைய பொருள்கள் உண்டு, அவற்றுக்கிடையே என்னென்ன உறவு, அந்த உறவு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது ஆன்டாலஜி.

இங்கே புதிதாக வருகிற எல்லோரும் வழுக்குகிற ஓர் இடம் இருக்கிறது. ‘எழுதியவர்’ என்ற உறவின் மறுமுனை மனிதராகத்தான் இருக்கும் என்று ஆன்டாலஜியில் எழுதிவைத்தால், தவறுதலாக இதழின் எண்ணைப் போடும்போது கணினி தடுக்கும் என்று நினைப்பாய். தடுக்காது. அந்த விதியை அது காவலாக அல்ல, ஊகிக்க ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறது. ‘ஓகோ, அப்படியானால் கல்கி இதழும் ஒரு மனிதர்’ என்று சத்தமில்லாமல் முடிவுகட்டிவிடும். இதழும் மனிதரும் ஒன்றாக இருக்க முடியாது என்று தனியாகச் சொல்லிவைத்தால்தான் முரண்பாடு தெரியவரும். தரவைச் சரிபார்ப்பதற்கென்றே 2017இல் ‘ஷேக்கிள்’ என்ற வேறொரு தரத்தை வெளியிட்டார்கள். காவல் வேலைக்கு அதை வை.

நூல்களுக்கான ஆன்டாலஜிகளைப் பிறர் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் அடித்துத் திருத்தி வைத்திருக்கிறார்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற எளிய பண்புகளுக்கு 1995இல் பிறந்த டப்ளின் கோர் போதும். (அந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவின் ஒஹையோவில்.) நூலகத்துக்கு நான் பரிந்துரைப்பது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பிப்ஃபிரேம். அதில் மூன்று நிலை உண்டு. பொன்னியின் செல்வன் என்ற படைப்பு ஒன்று. வானதி பதிப்பகம் அச்சிட்ட ஒரு பதிப்பு இரண்டாவது. உங்கள் அலமாரியில் முத்திரை குத்தி, அட்டை கிழிந்து நிற்கிற அந்தப் பிரதி மூன்றாவது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் போட்டிருக்கும் நாவலுக்கு இந்தப் பிரிப்பு இல்லாமல் முடியாது.

இதைப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ‘இரண்டும் ஒன்றே’ என்று சொல்ல ‘சேம் ஆஸ்’ என்றொரு உறவு இருக்கிறது. உங்கள் அலமாரிப் பிரதியையும் விக்கித்தரவின் நாவலையும் அதைக் கொண்டு முடிச்சுப் போட்டாய் என்று வை. ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்று கணினி எடுத்துக்கொள்ளும். உங்கள் நூலகத்தின் வரிசை எண் கல்கியின் நாவலுக்கே சொந்தமாகிவிடும். 1950இல் வரத் தொடங்கியது என்ற செய்தி போன வருடம் வாங்கிய பிரதியின் தலையில் ஏறும். இந்த உறவைக் கைநடுங்கித்தான் தொடவேண்டும். ஐயம் இருந்தால் ‘நெருங்கிய பொருத்தம்’ என்ற மென்மையான உறவு ஸ்கோஸ் என்ற தரத்தில் இருக்கிறது.

வேலையைத் தொடங்க ஓபன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் போதும். எக்செல்லை அதில் ஏற்றி, ஆசிரியர் பத்தியை விக்கித்தரவோடு பொருத்திப் பார்க்கச் சொல். வகை ‘மனிதர்’ என்று குறுக்கிவிட்டால் இதழ்கள் தாமே விலகும். ஒவ்வொரு பெயருக்கும் சில வேட்பாளர்களையும் மதிப்பெண்ணையும் காட்டும். மதிப்பெண் நூறாக இருப்பதால் மட்டும் நம்பிவிடாதே. பெயர் ஒத்துப்போவதற்குத்தான் அந்த மதிப்பெண், ஆள் ஒத்துப்போவதற்கு அல்ல. பிறந்த ஆண்டையும் பக்கத்தில் ஒரு பத்தியாக வரவழைத்து, நூலின் முதல் பதிப்பாண்டோடு ஒப்பிடு. ஆசிரியர் பிறக்கும் முன்பே வெளிவந்த நூல்கள் எத்தனை என்று பார்த்துச் சிரிப்பாய்.

இணைத்ததில் எப்படி உலவுவது? அதற்கு ஸ்பார்க்கிள் என்ற கேள்வி மொழி. அதன் கேள்வியும் டிரிபிள்தான், தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்ட டிரிபிள்:

?நூல் – எழுதியவர் – ?ஆள்
?ஆள் – பிறந்த இடம் – ?ஊர்
?ஊர் – அமைந்த பகுதி – மயிலாடுதுறை மாவட்டம்

உங்கள் நூல்களில் எவையெல்லாம் மயிலாடுதுறை மாவட்டத்தில் பிறந்தவர்கள் எழுதியவை என்பது இதன் பொருள். எக்செல்லில் மாவட்டம் என்ற பத்தியே கிடையாது; இணைப்பின் பயன் இதுதான். ஆனால் மூன்றாம் வரி ஒரே படி தாண்டுகிறது. ஊர் வட்டத்துக்குள்ளும், வட்டம் மாவட்டத்துக்குள்ளும் பதிவாகியிருந்தால் விடை வராது. அந்த உறவின் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போடு, எத்தனை படியானாலும் ஏறிப்போகும்.

கல்கி பிறந்த புத்தமங்கலம் அன்று தஞ்சாவூர் மாவட்டம். அந்தப் பகுதி 1991இல் நாகப்பட்டினத்துக்குப் போய், 2020இல் மயிலாடுதுறையானது. விக்கித்தரவில் இத்தகைய செய்திகளுக்குத் தொடக்க, முடிவுத் தேதிகளைச் சேர்க்க வழி உண்டு. எளிய வடிவில் எழுதிய கேள்வியோ, முன்னுரிமை பெற்ற மதிப்பு இருந்தால் அதை மட்டுமே காட்டும். பழைய மாவட்டம் வேண்டுமென்றால் தேதிகளோடு கூடிய முழுக் கூற்றையும் துருவ வேண்டும்.

இன்னொன்று. பிறந்த இடம் பதிவாகாத எழுத்தாளர் மேலே சொன்ன கேள்வியில் சுவடில்லாமல் மறைந்துவிடுவார். எழுத்தாளர் எல்லாரும் பட்டியலில் வேண்டும், ஊர் தெரிந்தால் அதுவும் வரட்டும் என்று கேட்கும்போது, அந்த வரியை ‘ஆப்ஷனல்’ என்ற அடைப்புக்குள் வை. பதிவில் இல்லை என்பதற்கு உலகில் இல்லை என்று பொருள் அல்ல. இந்தத் தரங்களையெல்லாம் சேர்த்துச் சொல்லும் செமாண்டிக் வெப்பின் தர்க்கம் முழுவதும் இந்த அடிப்படையில் நடக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாத தமிழ் நாவல்கள் என்று தேடி ஒரு நீண்ட பட்டியல் வந்தால், அதை அப்படியே ஆய்வுக் கட்டுரையில் ஏற்றிவிடாதே. மொழிபெயர்ப்பு வந்தும் யாரும் பதியாத நூல்கள் அதில் நிறைய இருக்கும்.

2001இல் பெர்னர்ஸ் லீயும் இரு நண்பர்களும் செமாண்டிக் வெப் பற்றிய ஒரு கட்டுரையில், நமக்காக மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் மென்பொருள் முகவர்களைக் கனவு கண்டார்கள். இந்தத் தரங்களின் வழியாக அது அவர்கள் சொன்னபடி நடக்கவில்லை. நிலைத்தது அடக்கமான பகுதி: நிலையான அடையாளம், சிறு கூற்று, பிறர் தரவுக்கு ஒரு கயிறு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

இந்த வாரம் ஆசிரியர் பத்தியை மட்டும் எடுத்துக்கொள். தலைப்பு, பதிப்பகம் பக்கம் இப்போது போகாதே. விக்கித்தரவில் இல்லாத எழுத்தாளர்கள் கட்டாயம் வருவார்கள், குறிப்பாகச் சிறு பத்திரிகைகளில் எழுதியவர்கள். அவர்களை ஒதுக்கிவிடாமல், பிறப்பு ஆண்டையும் நூலையும் உரிய சான்றையும் சேர்த்து விக்கித்தரவில் நீயே ஓர் உருப்படி உருவாக்கிவிடு. பொருந்துமா பொருந்தாதா என்று முடிவெடுக்க முடியாத பெயர்களை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா