விதி வகுக்கும் அதிகாரமும் அதன் எல்லையும்

சர்க்கார் இலாகா ஒன்று புதிய உத்தரவைப் பிறப்பித்ததும், "இவ்வாறு கட்டளையிட இவர்களுக்கு அதிகாரம் உண்டா?" என அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஆயினும், ஒரு விதி நமக்குப் பாதகமானது என்பது வேறு. அதை வகுத்தவருக்கு அதிகாரமில்லை என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

சட்டமியற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கும் சட்டசபைக்குமே உரியது. கொள்கையை அவை வகுத்து, விவரங்களை நிரப்பும் பொறுப்பை மட்டும் இலாகாவிடம் விடலாம். ஜவுளி பற்றிய வழக்கொன்று இதனை விளக்கும். 1948 நவம்பரில், பம்பாயிலிருந்து கான்பூருக்குப் பெர்மிட் இன்றிப் பருத்தித் துணி கொண்டு சென்ற தம்பதியர் இட்டார்சி ரயில் நிலையத்தில் கைதாயினர். பெர்மிட் கோரும் உத்தரவே செல்லாது என அவர்கள் வாதாடினர். 1954இல், ஹரிசங்கர் பாக்லா வழக்கில், சுப்ரீம் கோர்ட் அவ்வாதத்தை ஏற்கவில்லை. நியாய விலையில் பண்டங்கள் அனைவருக்கும் கிடைக்கவேண்டும் என்ற கொள்கையை 1946ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்ததால், உத்தரவு நிலைத்தது.

அடுத்தது நம் தறிகளைப் பற்றியது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, 1986இல் மத்திய சர்க்கார் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. விசைத்தறி உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். கோர்ட் தடையால் ஒதுக்கீடு பல்லாண்டுகள் ஏட்டளவில் நின்றது. 1993இல் சுப்ரீம் கோர்ட் சட்டமும் உத்தரவும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆனால், பின்னாளில் அதே அதிகாரத்தைக் கொண்டே பட்டியல் 11 வகைகளாகக் குறைக்கப்பட்டது. ஒதுக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பு காத்தது, பட்டியலைக் காக்கவில்லை. அதனைக் காப்பது சங்கங்களின் விழிப்பும் முறையீடுமே.

ஆகவே, ஓர் உத்தரவை எதிர்க்குமுன் நான்கு கேள்விகளை எழுப்புக:

1. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் அது பிறந்தது?
2. அப்பிரிவின் எல்லையை மீறுகிறதா?
3. சட்டம் விதித்த ஆலோசனை, பிரசுரம் முதலிய நடைமுறைகள் நிறைவேறினவா?
4. அரசியலமைப்பு அளிக்கும் அடிப்படை உரிமைக்கு முரணானதா?

இவற்றில் பிழை காணப்படின், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவுப்படி ஹைகோர்ட்டை அணுகலாம். பிழை காணப்படாவிடில், வழக்கினும் சர்க்காரிடம் மனுச் செய்வதே பயன் தரும்.

இவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும். சங்கத்தின் துணைவிதி கூட்டுறவுச் சட்டத்தை மீறலாகாது. நிர்வாகக் குழுவின் தீர்மானம் துணைவிதியை மீறலாகாது. பிறரிடம் கேட்கும் கேள்வியை நம் மகாசபையிலும் கேட்கப் பழகுவோமாக.