எலியும் நம் இல்லமும்



"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் கூறிச் சென்ற மொழி. தனக்கென ஒரு வீடு வேண்டும் என்பதை எடுத்துரைக்க அவர்கள் எலியையே சான்றாகக் கொண்டனர். ஆனால் அந்த எலி வளை தோண்டும் உழைப்பையும் விட்டுவிட்டு, நம் சமையலறைச் சுவரையே தன் வளையாக ஆக்கிக்கொண்டால் நாம் என்ன செய்வது? துபாயிலும் ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு இவ்வினா புதியதன்று. கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் சென்று, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறக்கும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும்.

எலியை விரட்டுவது சிறிய வேலை போலத் தோன்றும். ஆயினும் அறியாமல் செய்தால் எலியைவிடப் பெருந்தீங்கை வீட்டிற்குள் கொண்டுவந்துவிடும். ஆகவே இதனையும் ஒரு பாடமாகவே பயில்வோம்.

எலி வகைகளும் தமிழ்ச் சொற்களும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் 'எலி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. வீட்டில் ஓடும் சிறியது சுண்டெலி. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம் மட்டுமே. சாக்கடையிலும் கிடங்கிலும் திரியும் பெரிய உருவம் உடையது பெருச்சாளி. தெலுங்கு மொழியில் இதனைப் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி என்பர். ஆங்கிலேயர் அச்சொல்லையே எடுத்துக்கொண்டு 'பாண்டிகூட்' என்று வழங்கினர். நீண்ட மூக்கும் நாற்றமும் உடைய மூஞ்சூறு எலி இனமே அன்று. அது பூச்சிகளையும் கரப்பான்களையும் தின்று வாழும் வேறோர் உயிர்.

அரபு நாட்டுப் பாலைவனத்தில் நீண்ட பின்னங்கால்களால் தாவிச் செல்லும் ஜெர்போவா என்னும் சிற்றுயிரும் உண்டு. அது மணலில் வளை தோண்டி வாழ்வது. நம் வீட்டை நாடுவதன்று. அதனை நாம் துன்புறுத்தலாகாது.

சுண்டெலியின் இயல்பு

எதிரியை வெல்ல வேண்டுமாயின் அதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். சுண்டெலி இரவில் இரை தேடும். வளையிலிருந்து பெரும்பாலும் பத்து மீட்டர் தொலைவிற்குள்ளேயே அது நடமாடும். திறந்த வெளியைத் தவிர்த்துச் சுவர் ஓரமாகவே ஓடும். ஒரு நாளைக்கு அது உண்பது மூன்று அல்லது நான்கு கிராம்தான். ஆனால் ஒரே இடத்தில் உண்ணாமல் பல இடங்களில் கொறித்து, கொறித்த இடமெல்லாம் சிறுநீரும் புழுக்கையும் இட்டுச் செல்லும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. மின்கம்பியின் உறையையும் அது கடிக்கும். அதனால் தீ விபத்தும் நேரலாம்.

கருவுற்ற இருபதாம் நாள் அளவில் அது ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். அக்குட்டிகள் ஆறு வாரத்தில் தாமும் இனம் பெருக்கும் பருவத்தை அடையும். இன்று ஒரே ஓர் எலியைக் கண்டு அசட்டையாக இருந்தால், சில மாதங்களில் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

எலியால் வரும் நோய்

எலியின் சிறுநீர் கலந்த நீரின் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். எலி தீண்டிய உணவை உண்பதால் வயிற்றுப்போக்கு உண்டாகும். கொள்ளை நோயாகிய பிளேக் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி வழியாக மனிதரை அடைகிறது என்பதை 1898ஆம் ஆண்டு கராச்சியில் ஆராய்ந்து கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1994ஆம் ஆண்டு செப்டம்பரில், குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் பரவியதாகச் செய்தி வந்தபோது, வளைகுடா நாடுகள் பலவும் இந்தியாவுடனான விமானப் போக்குவரத்தைச் சில காலம் நிறுத்திவைத்தன. ஊருக்குச் செல்ல இயலாமலும் ஊரிலிருந்து திரும்ப இயலாமலும் நம்மவர் தவித்த நாள்கள் அவை.

ஒரு துயர நிகழ்ச்சி

எலிக்கு அஞ்சிய நாம் அதைவிடக் கொடிய ஒன்றை வீட்டில் வைத்துவிடக் கூடாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பத்தினர் எலித் தொல்லை தாங்காமல் தனியார் நிறுவனம் ஒன்றை அழைத்தனர். பணியாளர்கள் வந்து வீட்டின் பல இடங்களில் எலி மருந்தை வைத்துச் சென்றனர். அன்றிரவு குளிரூட்டப்பட்ட அறையில் உறங்கிய குடும்பத்தினர் வாந்தியும் மயக்கமும் உற்றனர். இரு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்தின் நச்சு அறைக் காற்றில் கலந்ததே காரணம் என்று கூறப்பட்டது.

இத்தகைய துயரம் நாம் வாழும் இந்நாட்டிலும் நிகழ்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டு ஷார்ஜாவில், பக்கத்து வீட்டில் வைக்கப்பட்ட பூச்சி மருந்தின் நச்சுக்காற்றால் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மருந்து வைத்த வீட்டில் அன்று, அடுத்த வீட்டில் உறங்கியவன் இறந்தான் என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய விபத்துகளில் பெரிதும் பேசப்படுவது அலுமினியம் பாஸ்பைடு என்னும் மாத்திரை. தானியக் கிடங்குகளில் பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாளத்தக்க பொருள் இது. காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சுக்காற்றை வெளிவிடும். அக்காற்று சுவர் வெடிப்பு, குழாய்த்துளை, காற்றுப்பாதை ஆகியவற்றின் வழியாக அடுத்த வீட்டிற்கும் செல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, தலைவலி, மூச்சுத் திணறல் ஆகிய குறிகளைக் கண்டு, உணவு ஒவ்வாமை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் இவ்வாறு துன்புற்றால், உடனே அனைவரும் திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். ஐக்கிய அரபு நாடுகளில் 998 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஊரிலிருந்து பெட்டியில் எலிப்பசை கொண்டு வருவோரும் உளர். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அப்பசையைத் தின்ற குழந்தை ஓரிரு நாள் நலமாக இருப்பது போலவே தோன்றும். அதற்குள் கல்லீரல் பழுதாகிவிடும். அதனை ஒருபோதும் வீட்டில் வைக்கலாகாது.

கப்பல் கற்றுத்தரும் வழி

துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கண்டிருப்பீர்கள். கரையோடு பிணைத்த கயிற்றின் நடுவே வட்டமான தகடு ஒன்று பொருத்தியிருப்பர். கயிற்றின் மேல் ஏறிவரும் எலி அத்தகட்டைத் தாண்ட இயலாது. எலி உள்ளே வந்தபின் கொல்வதைவிட, வராமல் தடுப்பதே எளிது என்பது மாலுமிகள் பட்டறிந்த உண்மை. நம் வீட்டிற்கும் அதுவே முறை.

முதலாவது, வழியை அடைத்தல். பென்சில் நுழையும் துளை போதும், சுண்டெலி நுழைந்துவிடும். சமையலறைத் தொட்டியின் கீழ்க் குழாய் செல்லும் இடம், குளிர்சாதனப் பெட்டி பொருத்திய சன்னல் இடைவெளி, சலவை இயந்திரத்தின் பின்புறம், வாயிற்கதவின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கைவிளக்குக் கொண்டு ஆராய வேண்டும். துளைகளில் இரும்புக் கம்பி நாரைத் திணித்து அதன்மேல் சிமென்டு பூச வேண்டும். துணியும் காகிதமும் பஞ்சும் பயன்படா. எலி அவற்றைக் கடித்துத் தன் வளைக்கே மெத்தையாக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, இரையை மறைத்தல். அரிசி மூட்டையை வாங்கிய சாக்கிலேயே வைத்திராமல், மூடியுள்ள தகர டப்பாவிலோ கெட்டியான பெட்டியிலோ கொட்டிவைக்க வேண்டும். இரவில் எச்சில் பாத்திரங்களை அப்படியே விடலாகாது. குப்பையை அன்றன்றே அகற்ற வேண்டும். ஊருக்கு அனுப்பச் சேர்த்து வைக்கும் அட்டைப் பெட்டிகள் எலிக்கு மாளிகையாகும். விடுமுறைக்குச் செல்லும் முன் சமையலறையில் ஒரு பருக்கையும் இல்லாமல் துடைத்துவிட்டுச் செல்லுங்கள்.

மூன்றாவது, பொறி வைத்தல். நம் பாட்டிமார் மரப்பொறியில் மசால்வடையையோ சுட்ட தேங்காய்ச் சில்லையோ வைப்பர். மணம் மிக்க இரையே எலியை ஈர்க்கும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். இங்கு நிலக்கடலை வெண்ணெயையும் பயன்படுத்தலாம். பொறியை அறையின் நடுவே வைக்காமல், சுவரை ஒட்டி, இரைப்பக்கம் சுவரை நோக்கியிருக்க வைக்க வேண்டும். ஒரு பொறி போதாது. இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பல வைக்க வேண்டும். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்தல் வேண்டும். பசை அட்டையில் ஒட்டிய எலி பல மணி நேரம் துடித்துச் சாகும். அம்முறை நமக்கு வேண்டா.

நான்காவது, தூய்மை செய்தல். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. தூசியோடு கிருமியும் மூக்கில் ஏறும். கையுறை அணிந்து, ஒரு பங்கு வெளுப்பு நீரில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடைத்தெடுக்க வேண்டும்.

இவ்வளவிற்குப் பின்னும் எலி அடங்காவிடின், நகராட்சி உரிமம் பெற்ற நிறுவனத்தையே அழையுங்கள். என்ன மருந்து, எங்கே வைப்பர், எத்தனை மணி நேரம் வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். மலிவாகச் செய்து தருவதாகக் கூறிப் பெயரில்லாப் புட்டியுடன் வருவோரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

இப்பாடத்தை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எலியும் ஓர் உயிர்தானே? அதைக் கொல்வது பாவமில்லையா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கொல்வது நம் நோக்கமன்று. துளையை அடைத்து உணவை மூடிவைக்கும் வீட்டில் எலியைக் கொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. சோம்பலால் வீட்டைத் திறந்துபோட்டு, எலி பெருகிய பின் நஞ்சை வைப்பதே இரக்கமற்ற செயல். அந்நஞ்சு எலி என்றும் குழந்தை என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை. நான் இவ்வாறு கூறியதும் அவள், "அப்படியானால் இன்றைக்கே எங்கள் வீட்டுத் தொட்டியின் கீழே பார்க்கிறேன்" என்றாள். பெற்றோர்களே, நீங்களும் அவளோடு குனிந்து பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

வளை – எலி வாழும் பொந்து
இரை – உயிரினங்கள் உண்ணும் உணவு
ஈனுதல் – குட்டி போடுதல்
தெள்ளுப்பூச்சி – விலங்கின் குருதியை உறிஞ்சும் சிறு பூச்சி
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு

பயிற்சி

1. சுண்டெலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவற்றின் வேறுபாட்டை எழுதுக.
2. கப்பற்கயிற்றில் தகடு பொருத்துவது ஏன்?
3. "மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல" என்னும் பழமொழியை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
4. பெற்றோருடன் உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, பென்சில் நுழையும் துளைகள் எத்தனை எனக் கணக்கெடுத்து, அடுத்த வகுப்பிற்கு எழுதி வருக.